இரண்டு வருடம் பாவித்த பிழைக் கொப்பி: உயர்தர இரசாயனவியலும் நானும்

என் மேசையில் இரண்டு சீஆர் கொப்பிகள், அதாவது கெட்டி மட்டை போட்ட தடித்த கொப்பிகள், இருக்கின்றன. முதலாவதின் மட்டை கடற்காற்றிலும் கைவியர்வையிலும் ஊறி மெத்தென்று ஆகிவிட்டது. உயர்தர இரசாயனவியலில் நான் விட்ட பிழைகள் அவற்றுக்குள் இருக்கின்றன. முதல் முயற்சியிலேயே சரியாக வந்த கணக்கு ஒன்றுகூட இல்லை. முதல் தடவை பரீட்சை எழுதியபோது எனக்கு இரசாயனவியலில் எஸ், அதாவது ஆகக் குறைந்த சித்தி. இந்தக் கொப்பியோடு 11 மாதம் படித்து இரண்டாம் தடவை எழுதியபோது பி. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேலாக, சின்னம்மாவின் மகளுக்குப் படிப்பிக்கும்போதும் இதே முறையைத்தான் பாவிக்கிறேன். ஏ எடுத்தவர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும். எஸ்ஸில் நிற்கிற ஒரு பிள்ளைக்கு எது உதவியது, எது உதவவில்லை என்பதை என்னால் சொல்ல முடியும்.

முதல் தடவை நான் படிக்காமல் விடவில்லை. விடிய 4.30க்கு எழும்பிப் படித்தேன். ரியூசன் குறிப்புகளை நான்கு நிறப் பேனையால் எழுதி வைத்திருந்தேன். சேர் பலகையில் கணக்குச் செய்யும்போது ஒவ்வொரு வரியும் விளங்கும். வீட்டுக்கு வந்து அதே கணக்கை வெள்ளைத்தாளில் நானே தொடங்கினால் முதல் வரி வராது. உடனே குறிப்பைத் திறந்து பார்ப்பேன். "ஓ, இதுதானே" என்று மனம் ஆறிவிடும். அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். 12ஆம், 13ஆம் தரம் இரண்டும் இப்படியே போயின. பரீட்சை மண்டபத்தில் குறிப்புக் கொப்பி இல்லை, கணிப்பானும் கொண்டுபோக முடியாது. அங்கே உட்கார்ந்தபோதுதான், பார்த்து விளங்குவது வேறு, செய்யத் தெரிவது வேறு என்பது எனக்கு உறைத்தது.

பெறுபேறு வந்து ஒரு கிழமையால் பக்கத்து வீட்டு அக்கா லீவில் வந்தார். அவர் அப்போது விஞ்ஞான பீடத்தில் படித்துக்கொண்டிருந்தார். நான் செய்து பழகிய வினாத்தாள்களைக் கொண்டுவரச் சொன்னார்.

"எத்தனை சரி எண்டு எனக்குத் தேவையில்லை. பிழைச்சதெல்லாம் எங்க?"

"அதெல்லாம் திருத்திப்போட்டன் அக்கா."

"சரியான விடையைப் பக்கத்தில எழுதியிருக்கிறீர். ஏன் பிழைச்சதெண்டு ஒரு இடத்திலயும் எழுதேல்லையே."

அன்று பின்னேரமே கொப்பி வாங்கினேன். முறை மிக எளிது. இடப்பக்கத்தில் என் பிழையான செய்கையை அழிக்காமல் அப்படியே எழுத வேண்டும். வலப்பக்கத்தின் மேலே, ஏன் பிழைத்தது என்று ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே சரியான செய்கை, அதுவும் எதையும் பார்க்காமல். மூன்று நாள் கழித்து ஒரு தடவை, இரண்டு கிழமை கழித்து ஒரு தடவை அதே கணக்கைத் திரும்பச் செய்து திகதி போட வேண்டும்.

முதற்பக்கத்துக் கணக்கு எனக்கு இப்போதும் பாடம். 25.0 கன சென்ரிமீற்றர் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலை நடுநிலையாக்க, கன டெசிமீற்றருக்கு 0.10 மூல் (பொருளின் அளவைச் சொல்லும் அலகு) செறிவுள்ள சல்பூரிக் அமிலம் 20.0 கன சென்ரிமீற்றர் தேவைப்பட்டது. காரத்தின் செறிவு என்ன? அமிலம் 0.0020 மூல் என்று சரியாகவே கண்டுபிடித்திருந்தேன். பிறகு காரமும் அதேயளவு என்று எடுத்து 0.08 என்று முடித்துவிட்டேன். ஒரு மூல் சல்பூரிக் அமிலத்துக்கு 2 மூல் காரம் வேண்டும். ஆகவே காரம் 0.0040 மூல், செறிவு 0.16. காரணம் எழுதும் வரியில் "கவனக்குறைவு" என்று எழுதியிருந்தேன். அக்கா அதைப் பேனையால் வெட்டினார். கவனக்குறைவு என்று எழுதினால் நாளைக்கு எதை மாற்றுவீர் என்று கேட்டார். கொஞ்ச நேரம் யோசித்துத் திரும்ப எழுதினேன்: "சமப்படுத்திய சமன்பாட்டை எழுதாமல் கணக்கைத் தொடங்கினேன்." சரி, இதை மாற்றலாம். அன்றிலிருந்து சமன்பாடு எழுதாமல் இப்படி அமிலத்துக்கு எவ்வளவு காரம் என்று கேட்கிற ஒரு நியமிப்புக் கணக்கையும் நான் தொட்டதில்லை.

இந்தக் கொப்பியின் பலன் முழுவதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. கையால் செய்யக்கூடிய ஒன்றை அந்த வரி சொல்ல வேண்டும். "பயிற்சி போதாது", "அவசரம்", "மறந்துவிட்டேன்" எல்லாவற்றையும் பிறகு நானே வெட்டக் கற்றுக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து வலப்பக்கங்களை மட்டும் தொடர்ந்து வாசித்துப் பார்த்தேன். இரசாயனவியல் எனக்கு விளங்காது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பக்கங்கள் வேறு கதை சொல்லின. பிழைகளில் பெரும்பகுதி அளவீட்டு அலகிலும் வெப்பநிலையிலும் இருந்தது. உதாரணமாக, 0.50 மூல் வாயு 27 பாகை செல்சியஸில், 1 × 10⁵ பஸ்கால் அமுக்கத்தில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்ற கேள்வி. 300 கெல்வின் போடாமல் 27 என்றே போட்டு 1.12 கன டெசிமீற்றர் என்று எழுதியிருந்தேன். சரியான விடை 12.47 கன டெசிமீற்றர், அதாவது 12.47 லீற்றர். அறை வெப்பநிலையில் ஒரு மூல் வாயு கிட்டத்தட்ட 25 லீற்றர் பிடிக்கும் என்பது மனதில் இருந்தால், அரை மூல் வாயு ஒரு பெரிய சோடாப் போத்தலுக்குள் அடங்காது என்று உடனே தெரியும். அதற்குப் பிறகு விடை எழுதும் முன்பே "எவ்வளவு வரலாம்" என்று பென்சிலால் ஓரத்தில் குறிப்பதைப் பழக்கமாக்கினேன். வாயு மாறிலி 8.314 ஐயும் வெப்பநிலை 300 ஐயும் பெருக்கினால் ஏறத்தாழ 2500. கணிப்பான் இல்லாத பரீட்சையில் இந்தப் பழக்கம் என்னைப் பல தடவை காப்பாற்றியிருக்கிறது.

இன்னொரு பக்கமும் எனக்கு மிகவும் பிடிக்கும். கன டெசிமீற்றருக்கு 10⁻⁸ மூல் செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலத்தின் பீஎச் என்ன? நான் 8 என்று எழுதியிருந்தேன். 7க்கு மேல் என்றால் அது காரம். அமிலத்தை எவ்வளவு நீர் விட்டு ஐதாக்கினாலும் அது காரமாகுமா? சூத்திரம் எனக்குத் தெரிந்திருந்தது, தண்ணீரை மறந்துவிட்டேன். நீரே 10⁻⁷ அளவில் ஐதரசன் அயன்களைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது இவ்வளவு ஐதான அமிலத்தின் பங்கு சிறியது. பீஎச் 7க்குச் சற்றுக் குறைய, 6.98 அளவில் நிற்கும். அந்தப் பக்கத்தின் மேலே "கரைசலில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறேன். சமநிலைப் பாட அலகு முழுவதற்கும் அந்தக் கேள்வி உதவியது.

கடந்தகால வினாத்தாள்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொப்பிக்குத் தீனி அங்கிருந்துதான் வந்தது. முதல் தடவை நான் அவற்றைச் செய்தது அலகு அலகாக, நேரம் பார்க்காமல். அது பழகுவதற்கு நல்லது. ஆனால் முதலாம் பத்திரத்தில் 2 மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினாக்கள், ஒன்றுக்கு 2 நிமிடம் 24 செக்கன். இரண்டாம் தடவை ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் கைத்தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு முழுத்தாளாகச் செய்தேன். அப்போதுதான் 31 முதல் 40 வரையான வினாக்களில் நான் வழக்கமாக விழுந்துகொண்டிருந்த குழி தெரிந்தது. நான்கு கூற்றுகளில் முதல் இரண்டும் சரி என்று கண்டதும் மற்ற இரண்டையும் பார்க்காமல் 1ஐத் தெரிந்துவிடுவேன். 1 என்றால் முதல் இரண்டு மட்டும் சரி, 5 என்றால் பட்டியலில் இல்லாத வேறு சேர்க்கை. ஆகவே நான்காவதும் சரியாக இருந்தால் விடை 5. இப்போது நான்கின் பக்கத்திலும் சரி, பிழை அடையாளம் போட்ட பிறகுதான் விடைக்குப் போவேன். 41 முதல் 50 வரை வருகிற இரட்டைக் கூற்றுகளில் இரண்டும் உண்மையாக இருந்தாலும் ஒன்று மற்றதுக்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை. நடுவில் "ஏனெனில்" என்ற சொல்லைப் போட்டு வாய்க்குள் வாசித்துப் பார்த்தால் பொருந்தாதது தானாகவே இடறும்.

புள்ளித்திட்டத்தை விடை பார்க்க மட்டும் திறக்கிறவர்கள் அதன் பாதிப் பயனை விட்டுவிடுகிறார்கள். எந்த வரிக்குப் புள்ளி கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். சமன்பாடு, பௌதிக நிலை, பிரதியீடு, அலகு என்று துண்டு துண்டாகப் போகும். கடைசி விடை பிழைத்தாலும் நடுவில் எடுக்கக்கூடிய புள்ளிகள் எவ்வளவோ இருக்கின்றன. முதல் தடவை நான் மனதுக்குள் செய்து விடையை மட்டும் எழுதி இவற்றையெல்லாம் விட்டுவிட்டேன்.

சேதன இரசாயனத்துக்குக் கொப்பி மட்டும் போதவில்லை. பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நடுவில் அல்க்கீனை எழுதி, சுற்றிவர எங்கெங்கே போகலாம் என்று அம்புக்குறி போட்டு, ஒவ்வொரு அம்பின் மேலும் சோதனைப்பொருளையும் நிபந்தனையையும் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மறுநாள் பார்க்காமல் அதையே திரும்ப வரைவேன். விடுபட்ட அம்புகள் கொப்பிக்குள் போகும். புரொப்பீனுக்கு ஐதரசன் புரோமைட்டைச் சேர்த்தால் 2-புரோமோபுரொப்பேன், பேரொட்சைட்டு இருந்தால் 1-புரோமோபுரொப்பேன். இதை ஐதரசன் குளோரைட்டுக்கும் நீட்டிப் பிழைவிட்டிருக்கிறேன். பேரொட்சைட்டு விளைவு அதற்கு இல்லை. இன்னொரு தடவை, ஐதரொட்சில் கூட்டம் உள்ள மூலக்கூறு ஒன்றிலிருந்தே கிரினாட் சோதனைப்பொருளைத் தயாரித்துவிட்டேன். நீரில் அழிகிற பொருள் தன் மூலக்கூற்றிலேயே இருக்கிற ஐதரொட்சிலிலும் அழியும்.

அசேதனத்தில் நிறங்களுக்கும் வீழ்படிவுகளுக்கும் வீட்டில் சேர்ந்திருந்த கல்யாணக் காட்டுகளை வெட்டிச் சிறிய அட்டைகள் செய்தேன். ஒரு பக்கம் வெள்ளி புரோமைட்டு, மறுபக்கம் "வெளிர்மஞ்சள், செறிந்த அமோனியாவில் கரையும்". குளோரைட்டு வெள்ளை, ஐதான அமோனியாவிலேயே கரைந்துவிடும். அயடைட்டு மஞ்சள், செறிந்ததிலும் கரையாது. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வரிசை பிடிபடும். பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்துக்கு இந்த அட்டைகள் போதும்.

கைத்தொழில் இரசாயனத்தை எல்லோரும் கடைசி மாதத்தில் பாடமாக்குவார்கள். நானும் அப்படித்தான் செய்து மறந்தேன். திருகோணமலைப் பிள்ளைகளுக்கு இந்த அலகு வீட்டு வாசலில் கிடக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. நிலாவெளிப் பக்கத்து உப்பளப் பாத்திகளை நினைத்துக்கொண்டு படித்தேன். கடல்நீர் வற்ற வற்ற முதலில் கல்சியம் காபனேற்று, பிறகு ஜிப்சம் (கல்சியம் சல்பேற்று), அதன் பிறகுதான் உப்பு. மிஞ்சுகிற கசப்பு நீரில் மகனீசிய உப்புகள். கரைதிறன் குறைந்தது முந்திப் படிகிறது என்ற ஒரே எண்ணத்தால் மூன்று பாத்தியும் மனதில் நின்றுவிட்டன. அதே வீதியால் வடக்கே போனால் புல்மோட்டை. அந்தக் கரிய மணலில் இல்மனைற்று, ரூட்டைல், சேர்க்கோன் எல்லாம் இருக்கின்றன. தைத்தேனியம் ஈரொட்சைட்டுக் கனியமான ரூட்டைலைக் காபனோடு சூடாக்கிக் குளோரின் செலுத்துவது ஏன்? ஒட்சிசனைக் காபன் எடுத்துக்கொள்ள, தைத்தேனியம் நாற்குளோரைட்டு கிடைக்கிறது. அது 136 பாகை செல்சியஸில் கொதிக்கிற திரவமாதலால் காய்ச்சி வடித்துத் தூய்மையாக்கலாம். பிறகு ஒட்சிசனோடு தாக்கமுறச் செய்தால் தூய வெள்ளை ஒட்சைட்டும், திரும்பப் பாவிக்கக்கூடிய குளோரினும் வரும். இதற்குக் கொப்பியில் ஒரு பக்கம்கூடத் தேவைப்படவில்லை.

இனி, குறைகள். நேரம் நிறையப் போகும். ஒரு முழுத்தாளின் பிழைகளை ஒழுங்காக எழுதி முடிக்க எனக்கு இரண்டு பின்னேரங்கள் தேவைப்பட்டன. முதல் மாதம் மனம் சோரும், ஏனென்றால் ஒவ்வொரு நாளும் உங்கள் பிழைகளைத்தான் திறந்து பார்க்கிறீர்கள். தெரியாத பாடத்துக்கு இந்தக் கொப்பி ஒன்றும் செய்யாது. மின்னிரசாயனத்தில் என் பக்கங்கள் நிறைந்துகொண்டே போயின, பிழைகள் குறையவில்லை. அங்கே தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூலை முதற்பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டியிருந்தது. அது மெதுவாகப் போகும், ஆனால் வரைவிலக்கணங்கள் பரீட்சையில் எதிர்பார்க்கிற மொழியிலேயே இருக்கும். காணொளிகள் ஒரு தலைப்பைத் தொடங்க நல்லவை, அதற்கு மேல் எனக்கு உதவவில்லை.

கொப்பி வாங்கும்போது ஸ்ரேப்பிளர் கம்பி அடித்ததை வாங்க வேண்டாம். சீஆருக்கு முன் ஒரு சாதாரணக் கொப்பியில் தொடங்கினேன். எங்கள் வீடு கடற்கரைக்கு அண்மையில். நான்கு மாதத்தில் கம்பி துருவேறி நடுத்தாள்கள் கழன்றுவிட்டன. அந்தக் கம்பியை மேசையில் வைத்துத்தான் துருப்பிடித்தலின் அரைத்தாக்கங்களை எழுதினேன். இரும்பு அனோட்டாகி இலத்திரன்களை விடுகிறது, நீரில் கரைந்த ஒட்சிசன் அவற்றை ஏற்று ஐதரொட்சைட்டு அயனாகிறது, காற்றோடு வருகிற உப்பு அயன்களைக் கொடுத்து மின்னோட்டத்தை இலகுவாக்குகிறது. மின்னிரசாயனத்தில் எனக்கு முதலில் பிடிபட்டது அதுதான்.

தங்கச்சி, அதுதான் சின்னம்மாவின் மகள், இப்போது 13ஆம் தரம். என் இரண்டு கொப்பிகளையும் போட்டோக்கொப்பி எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டாள். எழுதாத 160 பக்கக் கொப்பி ஒன்றுதான் வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கு அலகில் பிழைப்பதே இல்லை. "பொய்யானது எது" என்று முடிகிற வினாவை "உண்மையானது எது" என்று வாசித்துவிடுவாள். என் 300 பக்கங்களிலும் அந்தப் பிழை எங்கேயும் இல்லை. போன கிழமை பார்க்கும்போது 70ஆம் பக்கத்தைத் தாண்டியிருந்தாள். ஒரு வலப்பக்கத்தில் "கவனக்குறைவு" என்று எழுதி, தானே வெட்டி, கீழே எழுதியிருந்தாள்: "வினாவின் கடைசிச் சொல்லின் கீழ் கோடு போடவில்லை."