கேப் போடாமல் தப்பிய கடைவாய்ப்பல்: ஆன்லே வைத்து 14 மாதம் கழித்து

ஆரம்பித்தது ஒரு முறுக்கில். சீர்த்தட்டில் வந்த மணப்பாறை முறுக்கு. கடித்ததும் கடக் என்று சத்தம் வந்தது, முறுக்குதானே என்று மென்றுகொண்டே இருந்தேன், கல் மாதிரி ஏதோ நாக்கில் தட்டுப்படவே எடுத்துப் பார்த்தால் பல். வலது கீழ்க் கடைவாய்ப்பல்லின் நாக்குப் பக்கத்து முனை ஒன்று அப்படியே பெயர்ந்து கையில் இருந்தது.

முறுக்கைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பல்லில் 1998-ல், காலேஜ் படிக்கும்போது வைத்த வெள்ளி அடைப்பு இருந்தது. வெள்ளி என்று நாம் சொன்னாலும் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம்தான், மீதியில் வெள்ளி, வெள்ளீயம், செம்பு. அது பல்லோடு ஒட்டாது. குழியை வாய்ப்பக்கம் குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் குடைந்து, கழன்று வராதபடி அடைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக ஒவ்வொரு கடிக்கும் அது உள்ளே உட்கார்ந்து ஆப்பு மாதிரி சுவரைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது, ஒருநாள் சுவர் விழுந்துவிட்டது. ஆனாலும் அன்றைக்கு நூற்றைம்பது ரூபாய்க்கு வைத்தது இத்தனை வருஷம் ஓடியதே என்று ஒரு மரியாதை எனக்கு உண்டு. இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரியிலிருந்து வெள்ளி அடைப்பையே நிறுத்திவிட்டார்கள், பாதரசத்தின் பொருட்டு.

கிளினிக் பெயரைப் போடப்போவதில்லை. திருச்சி தில்லைநகரில் எந்தக் குறுக்குத் தெருவில் நுழைந்தாலும் ஒரு பல் போர்டு கண்ணில் படும், அதில் இரண்டு இடத்தில் படி ஏறினேன், ஒன்றில் கோபம், இன்னொன்றில் திருப்தியும் கொஞ்சம் எரிச்சலும். நான் எழுத வந்தது ஆன்லே என்ற வேலையைப் பற்றி. பல்லை அடைக்கலாம், இல்லை கேப் போடலாம் என்று இரண்டே வழிதான் என் மனதில் இருந்தது. நடுவில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

முதல் இடத்தில் எக்ஸ்ரே எடுத்து ஸ்க்ரீனில் காட்டினார்கள். "பழைய அடைப்பு நரம்புக்குப் பக்கத்துல போயிருக்கு, ரூட் கேனால் பண்ணி கேப் போட்டுடலாம், 13,500 ஆகும், இன்னிக்கே ஆரம்பிக்கலாமா?" என்றார் டாக்டர். எனக்கு வலியே இல்லை. ஐஸ் தண்ணீர் குடித்தால் சுரீர் என்கிறது, உடனே போய்விடுகிறது, அவ்வளவுதான் என்றேன். "இப்போ இல்லைன்னாலும் பின்னாடி வரும்" என்று பதில் வந்தது. பின்னாடி வரும் என்றால் பின்னாடியே வருகிறேன் என்று சொல்லிவிட்டு எக்ஸ்ரேக்கு 300 ரூபாய் கட்டி இறங்கிவிட்டேன். ரூட் கேனால் கெட்ட வைத்தியம் என்று சொல்லவில்லை, என் வீட்டுக்காரருக்கு அதுதான் பல்லைக் காப்பாற்றியது. ஆனால் நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்காமலே அதை எடுக்கலாம் என்று சொன்னதுதான் எனக்கு ஒப்பவில்லை.

சோதனை என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு இரண்டாவது இடத்தில்தான் தெரிந்தது. சின்ன வயசு டாக்டர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு இருக்கும். பஞ்சில் சில்லென்ற ஸ்ப்ரேயை அடித்து முதலில் பக்கத்து நல்ல பல்லில் வைத்தார், அப்புறம் உடைந்த பல்லில். "கூசினா கையைத் தூக்குங்க மேடம், நின்னதும் இறக்குங்க." தூக்கினேன், பஞ்சை எடுத்து மூன்று எண்ணுவதற்குள் இறக்கிவிட்டேன். கூச்சம் வருவது நல்லதுதானாம், பல் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். வந்த கூச்சம் போகாமல் நின்று வலியாக மாறினால்தான், அல்லது ராத்திரி தானாகவே வலி எழுப்பினால்தான் நரம்பு கெட்டுவிட்டது என்று பார்க்க வேண்டும். கண்ணாடிக் கைப்பிடியால் பல்லைத் தட்டிப் பார்த்தார், ஒரு குச்சியை ஒவ்வொரு முனையாக வைத்துக் கடித்து விடச் சொன்னார், விரிசல் கீழே ஓடியிருக்கிறதா என்று பார்க்க. இத்தனைக்கும் பத்து நிமிஷம்தான். இந்தப் பத்து நிமிஷத்தைத்தான் முதல் இடத்தில் மிச்சம் பிடித்திருந்தார்கள்.

பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். சின்னக் குழி என்றால் பல் நிறத்துப் பசையை உள்ளே வைத்து நீல வெளிச்சம் காட்டி இறுக்கிவிடலாம், அதுதான் இப்போது எல்லா இடத்திலும் செய்கிற அடைப்பு. குழி பெரிதாகி, ஆனால் முனைகள் எல்லாம் உறுதியாக இருந்தால், வெளியே செய்து கொண்டுவந்து உள்ளே பதிக்கிற துண்டுக்கு இன்லே என்று பெயர். முனையே உடைந்திருந்தால், அந்த முனைக்கும் மேலே ஏறி மூடுகிற மாதிரி செய்வது ஆன்லே. கேப் என்றால் பல்லைச் சுற்றிலும் நாலு பக்கமும் இழைத்துச் சின்னதாக்கி அதன் மேல் குல்லா மாட்டுவது. என் பல்லில் கன்னப் பக்கத்துச் சுவர் முழுசாக, வலுவாக இருந்தது. கேப் போட வேண்டுமானால் அந்த நல்ல சுவரையும் இழைத்தாக வேண்டும். ஓட்டு வீட்டில் நாலு ஓடு உடைந்ததற்கு யாராவது கூரையைப் பிரிப்பார்களா?

சரி, அப்படியானால் அந்தப் பசையையே நிறைய வைத்து அடைத்துவிடக் கூடாதா, 1,500 ரூபாயோடு போயிற்றே என்று கேட்டேன். கேட்க வெட்கம் எதற்கு, காசு நம்முடையது. அந்தப் பசை இறுகும்போது கொஞ்சம் சுருங்கும், அதனால்தான் இரண்டிரண்டு மில்லிமீட்டராக அடுக்கி வைக்கிறார்கள், பெரிய குழியில் அந்தச் சுருக்கம் சுவர்களை உள்பக்கம் இழுக்கும், ஓரத்தில் மெல்லிய இடுக்கு விழுந்தால் அதன் வழியாக மறுபடியும் சொத்தை என்றார். வெளியே செய்து வருகிற துண்டு ஏற்கெனவே சுருங்கி முடித்தது, ஒட்டுகிற சாந்து மட்டும்தான் சுருங்க வேண்டும். எனக்கு இது புரிந்தது.

என் மைத்துனர் ஒருவர் எதற்கும் ஜிர்கோனியா என்கிற செராமிக்தான் என்பார், அதுதான் இரும்பு மாதிரி என்று. அதையும் கேட்டேன். பலம் என்று பார்த்தால் ஜிர்கோனியாதான் அதிகம், ஆனால் அதை ஆசிட் அரிக்காது, ஆகவே சாந்து கெட்டியாகப் பிடிக்காது. கேப்புக்குச் சுற்றிலும் பிடிமானம் இருப்பதால் சமாளித்துவிடும், ஆன்லேக்கு ஒட்டுதான் எல்லாம், அதனால் லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடி வகைச் செராமிக்தான் இதற்குச் சரி என்று சொன்னார். மைத்துனரிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை.

மொத்தம் 9,500 ரூபாய். எக்ஸ்ரே முந்தைய இடத்தில் எடுத்ததையே போனில் காட்டினேன், திரும்ப எடுக்கவில்லை.

முதல் நாள் வேலை ஒன்றரை மணி நேரம். ஊசி போட்டதும் பாதி உதடும் நாக்கும் மரத்துவிட்டன. பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் ஒன்றை மாட்டி, அந்தப் பல்லை மட்டும் வெளியே தெரிய வைத்தார்கள். முதல் ஐந்து நிமிஷம் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும், எச்சில் விழுங்குவதற்குப் பழக வேண்டும், ஆனால் பழைய வெள்ளியைத் துருவும்போது தூள் எதுவும் தொண்டைக்குப் போகவில்லை. இந்த ஷீட் இல்லாமல் ஒட்டுகிற வேலை செய்கிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள் என்பேன், கொஞ்சம் எச்சில் பட்டாலே ஒட்டு கெட்டுவிடும். வெள்ளிக்கு அடியில் சொத்தை கறுப்பாக இருந்தது, போனில் படம் எடுத்துக் காட்டினார்கள். அதைச் சுத்தம் செய்து, அடியில் ஒரு பூச்சு பூசி, வடிவம் செய்து, ஸ்கேனரை வாய்க்குள் விட்டு அளவு எடுத்தார்கள். முன்பெல்லாம் பசையைத் தட்டில் போட்டு வாயில் திணிப்பார்களே, குமட்டிக்கொண்டு வருமே, அது கிடையாது. மேலே தற்காலிகமாக ஒரு அடைப்பு.

துண்டு லேபிலிருந்து வர ஐந்து நாள். ஜூரிச்சில் 1985-லேயே, நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே பக்கத்தில் மெஷினில் குடைந்து அன்றைக்கே ஒட்டிக் காட்டிவிட்டார்கள் என்று பிறகு படித்தேன். நாம் இன்னும் கொரியருக்குக் காத்திருக்கிறோம். ஆனால் லேபில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று டாக்டர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. முதலில் மெழுகில் அந்தத் துண்டைச் செய்து, அதைச் சுற்றி அச்சு கட்டி, சூட்டில் மெழுகை எரித்து வெளியேற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் 900 டிகிரிக்கு மேல் இளகிய செராமிக்கை அழுத்திப் புகுத்துவார்களாம். கும்பகோணம் பக்கத்தில் பிறந்தவளுக்கு இதைச் சொல்லவேண்டுமா, சுவாமிமலையில் நடராஜர் இப்படித்தானே பிறக்கிறார். அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் டாகர்ட் 1907-ல் தங்க இன்லே வார்க்க இந்த மெழுகு வழியைத்தான் கொண்டுவந்தார். சோழர் காலத்து ஸ்தபதி யாராவது பல் பக்கம் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தேன், ஊசி மயக்கமாக இருக்கலாம்.

எரிச்சல் இப்போது. மூன்றாம் நாள் சனிக்கிழமை ராத்திரி தற்காலிக அடைப்பு கழன்று விழுந்துவிட்டது. ஒட்டுகிற பண்டம் எதுவும் தின்னாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள், அதிரசத்தைத் தொட்டது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஞாயிறு முழுக்க கிளினிக் நம்பரை யாரும் எடுக்கவில்லை, ரிசப்ஷன் பெண் திங்கள்கிழமை காலை, "அக்கா, ஞாயித்துக்கிழமை லீவுக்கா" என்கிறாள். லீவு சரி, அவசரத்துக்கு ஒரு நம்பராவது கொடுத்திருக்கலாம். ஒன்றரை நாள் வெந்நீர் தவிர வேறெதுவும் அந்தப் பக்கம் போகவில்லை. இன்னொன்று, அப்பாயின்ட்மென்ட் ஐந்து மணி என்றால் ஐந்தே முக்காலுக்குத்தான் கூப்பிடுகிறார்கள், மூன்று தடவையும் அப்படியே. காத்திருக்கும் அறையில் "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று பெரிய போர்டு, அதற்குக் கீழே அலமாரி நிறைய பேஸ்ட் விற்பனை.

ஒட்டும் நாள் வேலை நுணுக்கமானது. துண்டைப் பல்லில் வைத்து அளவு பார்த்தார்கள், கடிக்கச் சொல்லவில்லை. ஒட்டாத செராமிக்கைக் கடித்தால் உடைந்துவிடுமாம், ஒட்டிய பிறகுதான் அதற்குப் பலமே. துண்டின் உள்பக்கத்துக்கு ஓர் ஆசிட், பல்லுக்கு நீல நிறத்தில் வேறு ஆசிட், கழுவி, உலர்த்தி, பசை பூசி, சாந்து வைத்து, நீல வெளிச்சம். கடைசியில் நீலத் தாளைக் கடிக்க வைத்து உயரம் பார்த்துத் தேய்த்தார்கள். மரத்த வாயில் எதைக் கடித்தாலும் சரியாகத்தான் தோன்றும். வீட்டுக்கு வந்து மரப்பு தெளிந்ததும் அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தது, மணலைக் கடிப்பது போல. மறுநாள் போனேன், ஐந்து நிமிஷத்தில் தேய்த்துச் சரிசெய்தார்கள், காசு கேட்கவில்லை. உங்களுக்கும் இப்படி இருந்தால் பழகிவிடும் என்று விடாதீர்கள், பழகாது, பல் வலிக்கத்தான் ஆரம்பிக்கும்.

முதல் மூன்று வாரம் குளிர்ச்சிக்கு லேசான கூச்சம், அப்புறம் போய்விட்டது. இப்போது 14 மாதம் ஆகிறது. போன மாதம் எடுத்த எக்ஸ்ரேயில் ஓரத்தில் இடுக்கு எதுவும் இல்லை, வேரடியிலும் ஒன்றும் இல்லை, சில் ஸ்ப்ரேக்கு இப்போதும் கை தூக்குகிறேன், அதாவது நரம்பு நலம். நிறம் பக்கத்துப் பல்லைவிட ஒரு பிடி வெளுப்பு, கடைவாயில் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள். ஒரே குறை, பின்பல்லோடு சேருகிற இடம் கொஞ்சம் தளர்வு, ஆட்டுக்கறி சாப்பிட்டால் நார் சிக்குகிறது. வேறு செய்து தருகிறேன் என்றார் டாக்டர், மறுபடியும் ஒன்றரை மணி நேரம் அந்த ரப்பர் ஷீட்டா என்று சின்ன பிரஷ் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டேன். ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். அந்த நாருக்கு ஒன்று குறைத்திருக்கிறேன். கிளினிக்கைத் தனியாகக் கேட்டால், கைவேலைக்கு நாலரை, போன் எடுப்பதற்கு ஒன்று.

எல்லாருக்கும் இது பொருந்தாது. சின்னக் குழிக்கு ஆன்லே என்று யாராவது சொன்னால் அது வியாபாரம். சொத்தை ஈறுக்குக் கீழே வெகுதூரம் போயிருந்தால் ஒட்டவே வழியில்லை. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்கள் ராத்திரி மாட்டுகிற கவசத்துக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். இன்சூரன்ஸை நம்பாதீர்கள், விபத்தில் உடைந்தால் ஒழிய பெரும்பாலான பாலிசி பல்லைத் தொடாது. பணம் இடித்தால் புதுக்கோட்டையில் 2023-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய்க் கேட்டுப் பார்க்கலாம், திருச்சியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான்.

வீட்டில் ஆறு ஏழு வயதுப் பிள்ளை இருந்தால் இன்றைக்கே வாயைத் திறக்கச் சொல்லிக் கடைசிப் பல்லைப் பாருங்கள். என் உடைந்த பல் அந்த வயதில் முளைத்ததுதான். எந்தப் பல்லும் விழாமல் பின்னால் சத்தமில்லாமல் முளைப்பதால் என் அம்மா அதையும் பால் பல் என்றே நினைத்துவிட்டார், விழுந்துவிடும் பல்தானே, சொத்தை என்றால் என்ன என்று. அது விழாத பல், அதற்கு மாற்று முளைக்காது.

இடது மேல் வரிசையில் இன்னொரு 1998 வெள்ளி இருக்கிறது. ஓரத்தில் ஒரு கோடு தெரிகிறதாம். அடுத்த மாதம் அதற்கு நாள் வாங்கியிருக்கிறேன், ஐந்து மணிக்கு, அதாவது ஐந்தே முக்காலுக்கு. அதுவரை முறுக்கு வலது பக்கம்தான்.