கறுப்பு டி-சர்ட்டுக்கு வண்ண அண்டர்பேஸ்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் கறுப்புத் துணியில் நிறம் எடுபட முதலில் போடும் அடிப்பூச்சுதான் அண்டர்பேஸ். வெள்ளை அண்டர்பேஸ் மேல் சிவப்பு அடித்தால், ரெஜிஸ்ட்ரேஷன் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது) இம்மி நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு பல்லிளிக்கும்; மேல்பூச்சு மெலிந்த இடம் ரோஸ் அடிக்கும். அடியில் மஞ்சளோ சிவப்போ போட்டால் அந்தப் பிசகு கண்ணை உறுத்தாது, சோக் (அடிப்பூச்சின் ஓரத்தை மேல் நிறத்தைவிடச் சற்று உள்ளே தள்ளுவது) வைப்பதிலும் கொஞ்சம் தாராளம் கிடைக்கும். ஆனால் அதே டிசைனில் நீலம் இருந்தால் மஞ்சள் அடியை மறந்துவிடுங்கள். நீலம் பச்சைக்குத் தாவும். ஃப்ளோரசன்ட் இங்க்குக்கு வெள்ளையை விட்டால் கதியில்லை.

பாலியஸ்டருக்குச் சாம்பல் நிற பிளாக்கர் அடிப்பூச்சுதான் என் தேர்வு. துணிச்சாயம் மேலேறுவதை அது தடுக்கும். பதிலுக்கு மேல் நிறத்தை மங்கடிக்கும், அதனால் வெளிர் நிறங்களுக்கு நடுவே இன்னொரு வெள்ளை வேண்டும்.

பிளாஸ்டிசாலுக்கு (சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் இங்க்) 110 முதல் 160 மெஷ் (வலையில் அங்குலத்துக்கு அத்தனை இழை), தளர்வில்லாத ஸ்கிரீன். பிளாஷில் (மேல்பூச்சுக்கு முன் அடிப்பூச்சைச் சூடாக்கி லேசாக இறுக வைப்பது) சுமார் 110 டிகிரி செல்சியஸ், விரலில் ஒட்டாத பதம் வந்தாலே எடுத்துவிடலாம். அங்கேயே முழுக்க வெந்துவிட்டால் மேல்பூச்சு பிடிக்காது. நகத்தால் சுரண்டினால் படலமாக உரியும். பருத்திக்குக் கடைசி கியூர் (இங்க்கை முழுக்க வேக வைப்பது) 160 டிகிரி. பாலியஸ்டருக்குக் குறைந்த சூட்டில் வேகும் இங்க்கே எடுங்கள்.