சித்தி இல்லாத யாழ்ப்பாணத்தில் பத்து நாள் கடைச் சாப்பாடு

ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இதற்கு முன் நான்கு தடவை போயிருக்கிறேன். அந்த நான்கு தடவையும் கடையில் சாப்பிட்டது என்று பார்த்தால் இரண்டு ஐஸ்கிறீமும் ஒரு கொத்துரொட்டியும்தான். சித்தி விடமாட்டார். "வீடு இருக்க ஏன் கடையிலை?" என்று கேட்டால் அதோடு பேச்சு முடிந்தது. காலையில் புட்டும் சம்பலும், மத்தியானம் சோறும் நாலு கறியும், இரவில் இடியப்பமும் சொதியும். ஊரில் கடைச் சாப்பாடு என்றால் வீட்டில் சமைக்க ஆளில்லை என்றுதான் அர்த்தம்.

இந்தத் தடவை உண்மையாகவே ஆளில்லை. மாசியில் சித்தி காலமாகிவிட்டார். அவருடைய பிள்ளைகள் ஒருவர் பிரான்சில், மற்றவர் நோர்வேயில். கொக்குவில் வீடு பூட்டிக் கிடக்கிறது. நானும் மனைவியும் 14 வயது மகளும் நல்லூருக்குக் கிட்ட ஓர் அறை எடுத்து, பத்து நாளும் மூன்று வேளையும் கடையில்தான் சாப்பிட்டோம். அந்தக் கடைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று அங்கிருக்கும்போதே முடிவு செய்தேன். இனி ஊருக்குப் போகிற எங்களில் பலருக்கு இதுதான் நிலைமை. வரவேற்க ஒரு சித்தியோ பெரியம்மாவோ இருக்கப் போவதில்லை.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆடியில் போகிறவர்கள் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு போங்கள். ஆடி அமாவாசைக்குப் பின் வரும் சஷ்டியில் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில் கொடி ஏறும். அதன் பிறகு 25 நாள் திருவிழா. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான சைவ வீடுகளில் மச்சம் சமைக்க மாட்டார்கள். மீன் சந்தையும் அடங்கிவிடும். நாங்கள் போய் இறங்கியபோது கொடிக்கு ஒன்பது நாள் இருந்தது. நண்டு, கணவாய், ஒடியற்கூழ் எல்லாவற்றையும் அதற்குள் சாப்பிட வேண்டும்.

நண்டில் தொடங்கினோம், அது சரியாக அமையவில்லை. குளிரூட்டிய, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு புதிய உணவகம். பெயர் வேண்டாம். மெனு முழுக்க ஆங்கிலம். நாங்கள் தமிழில் கேட்கக் கேட்க அந்தத் தம்பி ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். வெளிநாட்டு ஆட்களிடம் அப்படித்தான் பேச வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நண்டுக் கறிக்குச் சொல்லிவிட்டு நாற்பது நிமிடம் இருந்த பிறகு வந்து, இன்று நண்டு இல்லை என்றார். பிறகு வந்த ஃப்ரைட் ரைஸ் ஸ்காபரோவில் தெருவுக்குத் தெரு கிடைக்கிற அதே சாப்பாடு. பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம். பன்னிரண்டு மேசைக்கு இரண்டே பெடியன்கள் ஓடித் திரிந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு என் மகள் தமிழ் கேட்காமல் ஒரு நேரம் சாப்பிட்டாள் என்பது அன்றிரவு முழுக்க என்னை உறுத்தியது.

அடுத்த நாள் அறை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நண்டுக்கு நீங்கள் ஏன் அங்கை போனனீங்கள்? கரைக்குப் போங்கோ" என்றார்.

கரை என்றால் யாழ் நகரத்தின் தெற்குப் பக்கம். வெளியூர் ஆட்கள் கடலோர நகரம் என்றதும் அலை அடிக்கும் மணற்கரையைத் தேடுவார்கள். இங்கே நகரத்தை ஒட்டிக் கிடப்பது பரவைக்கடல். ஆழமில்லாத, அலையில்லாத நீர். போர்த்துக்கேயர் கட்டி 1658இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை அதன் ஓரத்தில் இருக்கிறது. பண்ணையிலிருந்து தீவுப்பகுதிக்குப் போகும் தெரு அந்த நீரின் நடுவால் ஓடுகிறது. நண்டும் இறாலும் இந்தப் பரவைக்கடலில்தான் விளைகின்றன. நல்ல நண்டில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போய்விடுகிறது. மிச்சத்தை வாங்க விடியவே குருநகரிலும் பாசையூரிலும் நிற்க வேண்டும்.

குருநகர்ப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கடை. நான்கு மேசை. அக்காவும் அவருடைய மகளும் நடத்துகிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே போனதும் "வாங்கோ, இருங்கோ" என்றார். என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, சட்டிகளின் மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். நண்டு, கணவாய், சுறா வறை, கத்தரிக்காய்ப் பால்கறி. அதற்குப் பிறகு மெனு எதற்கு?

நண்டுக் கறியைப் பற்றி எழுதாமல் விட முடியாது. வறுத்து இடித்த மிளகாய்த்தூளில் காய்ச்சிய கறி. தேங்காய்ப்பால் விட்டு, புளி விட்டு, இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை போட்டிருந்தார். முருங்கையிலை இல்லாத நண்டுக் கறியைச் சித்தி கறியாகவே கணக்கெடுக்க மாட்டார். மேலே தூவிய பெருஞ்சீரகத்தூளின் வாசம் சட்டியைத் திறந்ததுமே மேசைக்கு வந்துவிட்டது. மனைவி ஒன்றும் பேசவில்லை. குழம்பைப் புட்டில் விட்டுக் குழைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். மகள் நண்டை உடைக்கத் தெரியாமல் தடுமாறியதைக் கண்டு அக்கா வந்து பக்கத்தில் இருந்தார். காலை எந்த மூட்டில் முறிக்க வேண்டும், ஓட்டுக்குள் எதை எடுத்து எறிய வேண்டும் என்று தன் கையால் செய்து காட்டினார். "அவசரப்படாதை பிள்ளை, நண்டு ஆறுதலாத்தான் சாப்பிட வேணும்."

அந்தக் கடையில் ஒடியற்கூழ் செவ்வாயும் சனியும் மட்டும், அதுவும் பின்னேரம். முதல் நாளே சொல்லி வைத்தால் நல்லது. பனங்கொட்டையை முளைக்கப் போட்டுக் கிழங்கு எடுத்து, அதை அவிக்காமல் பச்சையாகக் காய வைத்தால் ஒடியல். அவித்துக் காய வைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவைத் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துக் கயர்ப்பை எடுத்த பிறகுதான் கூழுக்குக் கரைப்பார்கள். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, கீரை எல்லாம் ஒரே பானையில் வேகும். பழப்புளியும் இடித்த செத்தல் மிளகாயும் சேரும். என் சின்ன வயதில் இது ஒருநாளும் கடைச் சாப்பாடாக இருந்ததில்லை. நிலவு நாளில் சொந்தக்காரர் எல்லோரும் முற்றத்தில் வட்டமாக இருந்து, பிலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்தி அதில் வாங்கிக் குடிப்போம். இருபது பேர் சேராவிட்டால் கூழ் காய்ச்ச மாட்டார்கள்.

இப்போது அந்த இருபது பேர் ஆறு நாட்டில் இருக்கிறோம். ஆனாலும் அன்று அந்தக் கடையில் கூழுக்கு வந்தவர்களை எண்ணினேன். எங்களோடு பதினேழு பேர். பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஐந்து பேர், ஓட்டோக்காரர் இருவர், ஜேர்மனியிலிருந்து வந்த ஒரு குடும்பம், ஒரு வயோதிபர் தனியாக. மேசை போதாமல் வாங்கில் நெருக்கி இருந்தோம். கோப்பையில்தான் தந்தார்கள். மகளுக்கு மட்டும் பிலாவிலையில் வார்த்துக் கொடுத்தார் அக்கா. அந்த வயோதிபர் என்னிடம் "தம்பி எவ்விடம்?" என்றார். கொக்குவில் என்றேன். எந்த ஒழுங்கை, ஆருடைய பிள்ளை என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் சித்தியைத் தெரியும் என்றார். கூழ்ப் பானையைச் சுற்றி இருந்தால் இப்படித்தான் நடக்கும்.

ஆடி அமாவாசை அன்று அப்பாவுக்காகக் கீரிமலைக்குப் போனேன். தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் முடித்துத் திரும்ப மத்தியானம் ஆகிவிட்டது. பெரிய கடைப் பக்கம் மலாயன் கஃபேக்குப் போனோம். பழைய சைவக் கடை. வாழையிலையில் சோறு, பருப்பு, மரக்கறிகள், அப்பளம், மோர்மிளகாய். தட்டில் பொலித்தீன் தாள் விரித்துச் சோறு போடுகிற கடைகள் ஊரில் நிறைந்துவிட்டன. அதனால் பச்சை இலையைக் கண்டதே சந்தோசம். சாப்பிட்ட பிறகு இலையை நாங்களே எடுத்துச் சுவரில் இருக்கும் துவாரத்துக்குள் தள்ளிவிட வேண்டும். மகளுக்கு அது பெரிய புதினம். விரத நாளுக்குரிய காத்தோட்டிக்காய்ப் பொரியல் இலையில் இல்லை. கடையில் அதை எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் கறி வைக்க வந்த அண்ணை என் நெற்றியைப் பார்த்து "விரதமோ?" என்று கேட்டு, இன்னொரு கரண்டி பருப்பும் நெய்யும் விட்டார். அது போதும்.

சைவக் கடைகளின் இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். தேத்தண்ணிக்குச் சொன்னால் ஒரு தட்டு நிறைய வடையும் றோல்ஸும் போண்டாவும் கேட்காமலே மேசையில் வந்துவிடும். எடுத்துச் சாப்பிட்டதற்கு மட்டும்தான் காசு. எத்தனை எடுத்தோம் என்று நாங்கள் சொல்கிறோம், அவர்கள் நம்புகிறார்கள். கனடாவில் பிறந்த பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்த எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அதே வேளை, சாதி காரணமாக இந்தக் கடைகளுக்குள் எல்லோரும் ஒருகாலத்தில் போக முடிந்ததில்லை என்பதையும் அவளுக்குச் சொன்னேன். அப்பாவோடு படித்த ஒருவர் தேநீர்க்கடை வாசலில் நின்று, தனக்கென்று ஒதுக்கிய குவளையில்தான் குடித்தவர். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கதவு திறக்கவில்லை. 1960களின் பின்பாதியில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களில் ஆட்கள் அடிபட்டார்கள், உயிரையும் கொடுத்தார்கள். அப்படித் திறந்த கதவு அது. ஒரே வாங்கில் ஆர் எவர் என்று கேளாமல் இருந்து குடிக்கும் தேத்தண்ணிக்கு அந்த விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. மகள் அன்று பின்னேரம் முழுக்க அதைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள்.

நல்லூரில் ரியோ ஐஸ்கிறீம் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. கொடிக்கு முந்திய நாட்களிலேயே இருக்க இடமில்லை. குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் நடக்கும் அம்மாச்சி உணவகத்துக்கு மூன்று நாள் காலையில் போனோம். சமைப்பதும் விற்பதும் பெண்கள். கண்ணுக்கு முன்னாலேயே அவித்து, சுட்டுத் தருகிறார்கள். குரக்கன் புட்டு, தோசை, வடை, இலைக்கஞ்சி. கதிரைகளில் அரச ஊழியர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்கு வந்த கிராமத்து ஆட்கள். அலங்காரம் ஒன்றும் இல்லை. நாங்களே போய் வாங்கிக்கொண்டு வந்து இருந்து சாப்பிட வேண்டும். இலைக்கஞ்சி சூடாக, கொஞ்சம் கசப்பும் தேங்காய்ப்பால் வாசமுமாக இருந்தது. விலையோ ரொறன்ரோக் கணக்கில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

என் மனைவி அங்கே சொன்ன ஒன்று இன்னும் மனதில் நிற்கிறது. எங்கள் அம்மாக்கள் இதே சமையலை ஆயுள் முழுக்கச் செய்தார்கள், ஒரு சதம் கையில் வாங்கியதில்லை என்றாள். இங்கே அதே புட்டை அவித்து ஒரு பெண் தன் பிள்ளையைப் படிப்பிக்கிறாள். போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் வடக்கில் எத்தனையோ பேர். ஊருக்குப் போகிற நாங்கள் கண்ணாடிக் கதவுக்குள் போய்க் கொடுக்கிற காசில் பாதியை இந்தக் கடைகளில் கொடுத்தாலே பெரிய காரியம். கையில் ரூபாய் நோட்டு வைத்திருங்கள், இப்படியான இடங்களில் அட்டை எடுக்க மாட்டார்கள். கை கழுவும் இடம் நாங்கள் போன எல்லாக் கடையிலும் துப்புரவாக இருந்தது. கழிப்பறை சில இடங்களில் திருத்தப்பட வேண்டும், முக்கியமாகப் பெண்களுக்கு.

கொடியேறிய அன்று காலை நல்லூரில் நின்றோம். மறுநாள் பயணம். பின்னேரம் விடைபெற்று வருவோம் என்று குருநகர்க் கடைக்குப் போனால், பானையில் மரக்கறிக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா கத்தோலிக்கர். நாலு நாளுக்கு முன் யாகப்பர் கோவில் திருநாளுக்குக் கடை பூட்டியிருந்தார். நல்லூர்க் கொடிக்கும் உங்களுக்கும் என்ன என்று கேட்டேன்.

"எங்களுக்குக் கொடி இல்லை அண்ணை. ஆனா வாற சனம் சாப்பிடாதே. பிறகு ஆருக்குக் காய்ச்சிறது?" என்றார்.

நண்டும் இறாலும் இல்லாத கூழ். பலாக்கொட்டையும் பயற்றங்காயும் கூடப் போட்டிருந்தார். புறப்படும்போது ஒரு கிலோ ஒடியல் மா பொதி செய்து, காசு வாங்கமாட்டேன் என்று மகள் கையில் கொடுத்தார். மகள் கைத்தொலைபேசியை எடுத்து, எப்படிக் கரைப்பது என்று கேட்டுப் பதிவு செய்தாள்.

"மூண்டு தரம் தண்ணி மாத்து பிள்ளை, இல்லாட்டிக் கயர்க்கும். அங்கை பலாக்கொட்டை கிடைக்குமோ?"

"கிடைக்கும் மாமி" என்றாள் அவள். "பிலாவிலைதான் இல்லை."

அக்கா கொல்லைக்குப் போய் ஒரு கட்டு இலை முறித்துக்கொண்டு வந்தார். விமானத்தில் கொண்டு போக விடமாட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அறையில் வைத்து, அன்றிரவு அந்த இலைகளில் தண்ணீர் குடித்தோம்.