பைலட் எரிகிறது, ஹீட்டர் எரியவில்லை: ரிங்லெட்டில் ஒரு கேஸ் ஹீட்டரோடு பத்து வருஷம்

எங்கள் ரிங்லெட் இருக்கும் மலேசியாவின் கேமரன் மலையில் ராத்திரிக் குளிர் 15 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். விடியும் முன்னே பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்புகிற வீடுகளில் சுடுதண்ணீர் இல்லாமல் பொழுது ஓடாது. கீழே ஈப்போவிலோ தாப்பாவிலோ போதுமான கரண்ட் ஹீட்டர் இங்கே தடுமாறும். 3.6 கிலோவாட் ஹீட்டர் நிமிடத்துக்கு 4 லிட்டர் தண்ணீரை 13 டிகிரிதான் ஏற்றும். மலைத் தண்ணீர் 18 டிகிரியில் வந்தால் கிடைப்பது வெதுவெதுப்பு மட்டுமே. அதனால்தான் நான் கேஸ் ஹீட்டர் பக்கம் வந்தேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்றுவரை எனக்கு அதில் திருப்திதான்.

எங்களுடையது பழைய மாடல். சமையலறைக்கு வெளியே, தாழ்வாரச் சுவரில் மாட்டியிருக்கிறது. உள்ளே பைலட் என்ற சின்னச் சுடர் எரிந்துகொண்டே இருக்கும். குழாயைத் திறந்ததும் பெரிய பர்னர் அதிலிருந்து பற்றிக்கொள்ளும். இத்தனை வருஷத்தில் திரும்பத் திரும்ப வந்த கோளாறு ஒன்றுதான்: பைலட் அழகாக எரியும், தண்ணீரும் வரும், பெரிய பர்னர் மட்டும் பற்றாது.

அப்படி ஆனதும் எல்லாருக்கும் முதலில் கேஸ் மேல்தான் சந்தேகம் போகும். தோம்பை, அதாவது கேஸ் சிலிண்டரை, மாற்றுவார்கள், அப்புறம் ரெகுலேட்டரை மாற்றுவார்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் குற்றம் தண்ணீர் பக்கம்தான் இருந்தது. காரணம், இந்த ஹீட்டரில் கேஸைத் திறந்துவிடுவதே தண்ணீர்தான். உள்ளே ஓடுகிற தண்ணீர் ஒரு ரப்பர் டயாஃப்ரத்தின் இரண்டு பக்கமும் அழுத்த வித்தியாசத்தை உண்டாக்கும். அந்த ரப்பர் நகர்ந்து ஒரு ஊசியைத் தள்ளும், ஊசி கேஸ் வால்வைத் திறக்கும். தண்ணீர் சரியாக ஓடாவிட்டால் எத்தனை புதுத் தோம்பு வைத்தாலும் பர்னர் எரியாது.

எங்கள் பக்கத்து மெக்கானிக் தம்பி ஒருவர், போனில் நான் விஷயத்தைச் சொன்னதுமே, "அண்ணே, ஷவர் தலையைக் கழற்றிட்டுத் தண்ணியைத் திறந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்றார். கழற்றியதும் பர்னர் குப்பென்று பற்றிக்கொண்டது. ஷவர் துளைகளில் மண் அடைத்திருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து என் முதல் சோதனை இதுதான். காசு செலவில்லை.

அடுத்து ஹீட்டருக்குள் தண்ணீர் நுழைகிற இடத்தில் இருக்கும் வலை. மழைக்காலத்தில் இங்கே ஓடைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது. மேலே காய்கறித் தோட்டங்களுக்காக வெட்டிய சரிவுகளிலிருந்து மண் இறங்கி, 1963இல் கட்டிய அணையின் ரிங்லெட் ஏரியே வண்டலால் மேடாகிக் கிடக்கிறது. நம் வீட்டு வலை எம்மாத்திரம்? கழற்றினால் உளுந்து மாவு போல வழவழவென்று ஒரு படலம் ஒட்டியிருக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினால் போதும்.

டேங்கியின் உயரமும் முக்கியம். பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஷவருக்கு இரண்டு மீட்டர் மேலே டேங்கி வைத்திருக்கும் வீட்டில் 0.2 பார்தான், பல ஹீட்டர்களுக்கு அது பற்றாது. அந்த வீட்டுக்காரர் ஹீட்டரைத் திட்டிப் பயனில்லை, சின்ன பம்ப் ஒன்று போட வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பற்றவில்லை என்றால் காதைக் கொடுத்துக் கேளுங்கள். குழாயைத் திறக்கும்போது உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அது வரவில்லை என்றால் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், அல்லது ஊசி இறுகியிருக்கலாம். எங்கள் வீட்டு டயாஃப்ரத்தைத் தம்பி கழற்றிக் காட்டினார். மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல ரப்பர்தான். விரலால் இழுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, நடுத்தட்டின் ஓரமாக மயிரிழை போல ஒரு கீறல் தெரிந்தது. அந்தக் கீறல் வழியே இரண்டு பக்க அழுத்தமும் சமமாகிவிடுகிறது, அப்புறம் ரப்பர் எப்படி நகரும்?

பர்னர் பற்றிய பிறகு கொஞ்ச நேரத்தில் சுடர் சுருங்கினால் மட்டும் கேஸைச் சந்தேகிக்கலாம். அடுப்பு நன்றாக எரிகிறதே என்பது சாட்சி ஆகாது, ஹீட்டர் இழுக்கும் கேஸ் அடுப்பைவிடப் பல மடங்கு அதிகம். குளிர்ந்த காலையில், 14 கிலோ தோம்பு பாதிக்குக் கீழே போயிருந்தால் உள்ளே திரவம் போதுமான வேகத்தில் ஆவியாவதில்லை. அதற்காகத் தோம்பின் மேல் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள். அது ஆபத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பர்னர் தாமதமாக, 'டும்' என்று வெடித்தாற்போல் பற்றினால் உடனே வால்வை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பைலட் துளையில் தூசியோ சிலந்தி வலையோ அடைத்துச் சுடர் சிறுத்திருக்கும். கேஸ் பக்கத்து வேலையில் நான் கை வைப்பதே இல்லை. நீல நிறச் சுடர் மஞ்சளானாலும் அப்படித்தான், கேஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வரலாம், அது வாசனையே காட்டாது. காற்றுக்குப் பயந்து இதைக் குளியலறைக்குள் மாட்டிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள், பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிற அறை அது.

புதிதாக வாங்குகிறவர்கள் பைலட் இல்லாத, பேட்டரியில் பொறி அடிக்கும் மாடலையே வாங்கலாம், நாள் முழுக்கக் கேஸ் வீணாகாது. அதிலும் பேட்டரி பலம் குறைந்தால் இதே கோளாறுதான் வரும், தண்ணீர் சோதனையும் அதேதான். எங்களைப் போலப் பழைய மாடல் வைத்திருப்பவர்கள் டயாஃப்ரம் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். விட்டமும் நடுத்துளையும் துளி மாறினாலும் பொருந்தாது. கிடைத்தால் இரண்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பழைய மாடலுக்கு உதிரி இப்போது எளிதில் அகப்படுவதில்லை.