ஏற்காட்டுச் சாலையில் கைக்கு எட்டிய ஹேண்டில்பார்

ஐந்தடி ஒரு அங்குலம் உயரமுள்ள நான் 350 சிசி வண்டி தேடிய நாட்களில் இருக்கையின் உயரத்தை மட்டுமே ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ராயல் என்ஃபீல்டின் மீட்டியோர் 350-க்கு 765 மி.மீ., கிளாசிக் 350-க்கு 805 மி.மீ. என்று எல்லாம் மனப்பாடம். கால் ஊன்றுமா என்று பார்த்தேனே தவிர, கை எட்டுமா என்று ஒரு கடையிலும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

கை எட்டவில்லை என்பது, வாங்கிய வண்டியில் ஏற்காட்டுக்குக் கிளம்பி அடிவாரம் தாண்டியதும் தெரிந்தது. ஏற்காடு செல்லும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இடப்பக்கம் திரும்புபவைதான் கடினம். நாம் சாலையின் இடப்புறம் ஏறுவதால், வளைவின் உட்புறத்தில், ஏற்றம் மிகச் செங்குத்தாக இருக்கும் இடத்தில், முதல் கியரில் வண்டியை நன்றாக ஒடிக்க வேண்டும். அப்படி ஒடிக்கும்போது வலது கைப்பிடி முன்னால் விலகிப் போகிறது. ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும் அந்தக் கையில்தான் இருக்கின்றன. தோளை நீட்டி, இடுப்பைத் திருப்பி, விரல் நுனியால் ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஒரு வளைவில், பின்னால் பேருந்து ஒலி எழுப்பிக்கொண்டிருக்க, என்ஜின் அணைந்தே போயிற்று.

முதலில் செலவில்லாத வழியைச் செய்து பார்த்தேன். கிளாம்பின் நான்கு போல்ட்டுகளையும் தளர்த்தி, ஹேண்டில்பாரைச் சற்றுப் பின்னால் சாய்த்து இறுக்கினேன். சிலருக்கு இதுவே போதும். எனக்கோ கைப்பிடியின் நுனி கீழே இறங்கி, மணிக்கட்டு வலித்தது. பிறகு நகரத்தில் ஒரு கடையில், "குள்ளமானவங்களுக்கு உயரமான பார்தான்" என்று சொல்லி ஒன்றை மாட்டி அனுப்பினார்கள். அந்தப் பேச்சை நம்பியது என் தவறு. கை தோள் மட்டத்துக்கு உயர்ந்ததே ஒழிய, அருகில் வரவில்லை. அதைவிட மோசமானது, ஹேண்டில்பாரை ஒருபுறம் முழுதாக ஒடித்தால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபட்டு, நியூட்ரலில் நிற்கும் வண்டி தானாகவே உறுமியது. முன் பிரேக் குழாயும் விறைத்து நின்றது. இந்த நிலையில் மலையேறுவது உயிருக்கே ஆபத்து என்று அன்றே கழற்றச் சொல்லிவிட்டேன்.

சரியானது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் கிடைத்தது. அங்கிருந்த மெக்கானிக் விலை சொல்வதற்கு முன்பே, "அக்கா, வண்டி மேல உக்காந்து கண்ண மூடிட்டு, தோளைத் தளர்த்தி, கை எங்க வசதியா நிக்குதோ அங்க நிறுத்துங்க" என்றார். முழங்கை இலேசாக மடிந்திருக்க நான் கையை நிறுத்திய இடத்துக்கும் பழைய கைப்பிடிக்கும் இருந்த இடைவெளியை டேப்பால் அளந்தார்: ஐந்து சென்டிமீட்டர், அதுவும் பின்னோக்கி. உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர்கூட வேறுபாடில்லை. எனக்கு வேண்டியது உயரமன்று, பின்னோக்கிய வளைவும் சற்றுக் குறைந்த அகலமும்தான் என்று அப்போதுதான் விளங்கியது. அகலமான பாரில் வண்டி இலேசாகத் திரும்பும் என்பது உண்மை. ஆனால் அகலம் கூடக் கூட, ஒடிக்கும்போது வெளிப்புறக் கை அவ்வளவு தூரம் விலகும், அதை எட்டிப் பிடிக்க நீளமான கை வேண்டும்.

அவர் மாட்டிய பாரில் நான் மதிப்பது வேலையின் நேர்த்தியை. சுவிட்ச் பெட்டியின் உட்புறம் ஒரு சிறு முளை இருக்கும். அது பாரில் உள்ள துளையில் அமர்ந்தால்தான் பெட்டி சுழலாது. முளையை அரத்தால் தேய்த்துவிட்டு மாட்டுகிறவர்களும் உண்டு. இவர் இடத்தைக் குறித்துக்கொண்டு புதிதாகத் துளையிட்டார். இருபுறமும் முழுதாக ஒடித்து, கிளட்ச் லீவருக்கும் டேங்குக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பார்த்தார். என்ஜினை ஓடவிட்டு மறுபடியும் ஒடித்தார், சத்தம் மாறவில்லை. பழைய கேபிள்களே போதுமாக இருந்தன. பாரும் கூலியும் சேர்த்து 2,200 ரூபாய் ஆயிற்று.

அதன் பிறகு நான்கு முறை ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குப் போய் வந்துவிட்டேன். இடப்பக்க வளைவுகளில் என் வலது முழங்கை இப்போது மடிந்தே இருக்கிறது. முதுகு இருக்கையை விட்டு நகர்வதில்லை.

குறைகளும் உண்டு. வண்டியை நின்ற இடத்தில் திருப்ப முன்பைவிட வலு வேண்டும். கண்ணாடிகளில் பாதி என் தோளே தெரிந்ததால், அவற்றை வெளிப்புறம் தள்ளி வைக்கும் இணைப்புகளைத் தனியாக வாங்கினேன். பெங்களூர் நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டினால், நிமிர்ந்து உட்காரும் இந்த அமைப்பில் காற்று நெஞ்சில் அறைகிறது. பழைய பாரின் நுனியில் அதிர்வைக் குறைக்க இருந்த எடைகளை இதில் மாட்டாமல் விட்டதால் முதல் வாரம் உள்ளங்கை மரத்துப் போயிற்று. அவற்றைக் கொண்டுபோய் மாட்டிய பின் அது நின்றது. மலைப்பனியில் நனைந்து வந்த பிறகு கிளாம்புக்குப் பக்கத்தில் குரோம் பூச்சில் கடுகளவு துருப் புள்ளிகள் தெரிகின்றன. அதே அளவில் கறுப்புப் பூச்சிட்ட பாரும் அந்தப் பட்டறையில் இருந்தது. அடிக்கடி மேலே போகிறவர்கள் அதையே கேட்டு வாங்கலாம்.