லாரி வீல் நட்டுக்கு எது: ஏர் கன்னா, பேட்டரி கன்னா, குழாய் மாட்டிய ஸ்பேனரா?

நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி: கம்ப்ரஸர் இருக்கும்போது பேட்டரி கன்னுக்கு எதற்குத் தண்டச் செலவு? (கன் என்றால் நட்டை அடித்துச் சுழற்றும் இம்பாக்ட் ரெஞ்ச்; ஏர் கன் கம்ப்ரஸர் காற்றில் ஓடும், மற்றது பேட்டரியில்.) சக்கரம் எந்த இடத்தில் கழற்றப்படுகிறது என்று பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

பட்டறைக்குள் என்றால் ஏர் கன்தான். ஒரு இன்ச் டிரைவ் (நட்டைக் கவ்வும் சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு) கன், 6 பார் அழுத்தத்தில் காற்று, தடித்த ஓஸ் இருந்தால் நாள் முழுக்கச் சளைக்காது. ஓஸ் மெலிந்தாலோ டேங்க் சிறிதாக இருந்தாலோ நாலாவது நட்டிலேயே திணறும். குறை கன்னில் இல்லை. பராமரிப்பும் எளிது. காலையில் காற்று நுழையும் வாயில் சில சொட்டு ஏர் டூல் ஆயில் விட வேண்டும், மாலையில் கம்ப்ரஸர் டேங்கில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். இரண்டாவதைத்தான் யாரும் செய்வதில்லை. அந்தத் தண்ணீர்தான் உள்ளே துருப்பிடிக்க வைக்கிறது.

பட்டறையை விட்டு வெளியே வந்தால் கதை வேறு. ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் கர்நாடகம், ஆந்திரம் தாண்டியும் போர் போடப் போகின்றன. ‘ரிக்கிலேயே கம்ப்ரஸர் இருக்குதுங்களே, அதுல ஓஸ் மாட்டிக்கலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். போர் போடும் காற்று 20 பாரும் அதற்கு மேலும் வரும். 6 பாருக்குச் செய்த கன் அதைத் தாங்காது. அங்கே பேட்டரி கன்னுக்குத்தான் வேலை.

ஆனால் எந்த பேட்டரி கன்? கார் வீல் நட்டுக்கு 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். அரை இன்ச் கன் தாராளம். லாரியின் 22 எம்எம் ஸ்டட்டுக்கு (நட்டு ஏறும் மரையாணி) 500, 600 என்று வேண்டும், துருப்பிடித்திருந்தால் கழற்ற இன்னும் கூடுதலாக. முக்கால் இன்ச்சுக்குக் கீழே பார்க்காதீர்கள். அட்டையில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் கழற்றும் விசை. இறுக்கும் விசை அதைவிடக் குறைவு, சிறிய எழுத்தில் இருக்கும். 18 வோல்ட் என்பதும் 20 வோல்ட் மேக்ஸ் என்பதும் ஒன்றேதான், 5 செல் அடுக்கு. எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பேட்டரிக்குப் பெரிய எதிரி நம்மூர் வெயில். கரூர் பரமத்தியில் 40 டிகிரி தாண்டுவது புதிதல்ல. வண்டியின் இரும்பு டூல் பாக்ஸுக்குள் அதைவிட அதிகம் கொதிக்கும். பேட்டரியை கேபினில் நிழலில் வையுங்கள். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜில் போடாமல் ஆற விடுங்கள். வாரக்கணக்கில் சும்மா கிடக்கும் என்றால் பாதி சார்ஜில் கழற்றி வைப்பது நல்லது. உப்பிய, கீழே விழுந்து விரிசல் விட்ட பேட்டரியை ஒட்டிக்கட்டி ஓட்டுவது தீயோடு விளையாட்டு. கன்னைத் துடைக்க பெட்ரோல், தின்னர் கூடாது, பிளாஸ்டிக் விரிசல் விடும். முன்முனையில் சாக்கெட்டைப் பிடிக்கும் வளையம் தேய்ந்தால் சாக்கெட் நழுவும். சின்ன உருப்படிதான், உடனே மாற்றிவிடுங்கள்.

இனி, இரண்டு கன்னுக்கும் பொதுவானது. கருப்பு இம்பாக்ட் சாக்கெட் மட்டும். பளபள குரோம் சாக்கெட் கை ஸ்பேனருக்கு ஆனது; அடி வாங்கினால் தெறித்துக் கண்ணுக்கு வரும். கண்ணாடியும் காதடைப்பானும் போடுங்கள், சத்தம் 100 டெசிபலை எட்டும். தோளில் துண்டு, தொளதொள பருத்திக் கையுறை இரண்டும் வேண்டாம், சுற்றும் சாக்கெட் சுருட்டிக்கொள்ளும். சாக்கெட்டை நட்டில் முழுக்க அமர்த்திய பிறகே டிரிகர். சாக்கெட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றுங்கள். ஏர் கன் என்றால் ஓஸை.

இருந்தும் குழாய் ஸ்பேனரை நான் தூக்கிப்போட மாட்டேன். சார்ஜ் தீராது, ஓஸ் வெடிக்காது. ஆபத்து, இறுக்கும்போதுதான். ஒன்றரை மீட்டர் குழாயின் நுனியில் 40 கிலோ அழுத்தினாலே ஏறக்குறைய 600 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். கிளீனர் பையன் ஏறிக் குதித்தால் ஸ்டட் நீண்டுவிடும். அது பிறகு ஓட்டத்தில் அறுந்தால் சக்கரமே கழன்று போகும்.

கன்னிலும் இதே வம்புதான். “டர்ர்ர்னு ரெண்டு விட்டாச்சுங்ண்ணா, ஆடாதுங்” என்பார்கள். ரெண்டு டர்ர் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று கன்னுக்கும் தெரியாது. முதலில் கையால் நாலு சுற்று ஏற்றுங்கள், புரி பிசகாது. பிறகு எதிரெதிர் நட்டாகக் கன்னில் லேசாக அமர்த்தி, சக்கரம் தரையில் பட்டதும், எவ்வளவு இறுகியது என்று காட்டும் டார்க் ரெஞ்ச்சில், வண்டிக் கம்பெனி சொன்ன அளவுக்கு முடியுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

என் கணக்கில், பட்டறை வைத்திருப்பவர் காசை நல்ல கம்ப்ரஸரில் போடட்டும். ரிக்குக்கும் ரோட்டோர பிரேக்டவுன் வேலைக்கும் முக்கால் இன்ச் பேட்டரி கன், இரண்டு பேட்டரியோடு. ஏற்கெனவே ஒரு கம்பெனியின் டிரில்லோ கிரைண்டரோ இருந்தால் அதே பேட்டரி பொருந்தும் கன்னை வெறும் பாடியாக வாங்கலாம், செலவு கணிசமாகக் குறையும். மிச்சப்பட்ட காசு டார்க் ரெஞ்ச்சுக்கு ஆகும்.