இமேஜ்மேஜிக்: வல்லமையில் குறையில்லை, வழிகாட்டுவதில்தான் குறை

நூற்றுக்கணக்கான படங்களை ஒரே அளவுக்குச் சுருக்க வேண்டும், ஸ்கேன் செய்த பக்கங்களின் ஓரங்களை வெட்ட வேண்டும், எல்லாவற்றின் மூலையிலும் பெயர் பொறிக்க வேண்டும் என்னும்போது, ஒவ்வொரு கோப்பாகத் திறந்து மூடும் மென்பொருள்கள் கைகொடுப்பதில்லை. அத்தகைய வேலைக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருவது, கட்டளைகளைத் தட்டச்சிட்டு இயக்கும் இமேஜ்மேஜிக்தான். டூபான்ட் நிறுவனத்தில் ஜான் கிறிஸ்டி 1987-இல் உருவாக்கி, 1990-இல் பொதுவெளியில் இலவசமாகக் கிடைத்த இக்கருவி, 200-க்கும் மேற்பட்ட பட வடிவங்களைக் கையாள்கிறது. வணிகப் பயன்பாட்டுக்கும் கட்டணமில்லை. எனவே இதன் வசதிகளை இங்கே பட்டியலிடப் போவதில்லை. வேலை நடுவில் நின்றுவிட்டால், காரணத்தைக் கண்டுபிடிக்க இக்கருவி எந்த அளவுக்குத் துணைநிற்கிறது என்பதையே பார்க்கப் போகிறேன். இதைப் பயன்படுத்துவோரின் நேரம் பெரும்பாலும் அங்கேதான் கரைகிறது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, கட்டளையில் சொற்கள் நிற்கும் வரிசை. ஒரு பிடிஎஃப் பக்கத்தைப் படமாக மாற்றும்போது எழுத்துகள் மங்கலாக வந்தால், பலரும் 'டென்சிட்டி' என்ற அமைப்பை 300 என்று கொடுத்துப் பார்ப்பார்கள். அதைக் கோப்பின் பெயருக்குப் பின்னால் எழுதினால் படம் மங்கலாகவேதான் இருக்கும். பக்கத்தைப் படிக்கும் நேரத்திலேயே அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பது முடிவாகிவிடுகிறது; எதுவும் சொல்லாவிட்டால் அது 72. பின்னால் வரும் 300, ஏற்கெனவே மங்கலாக வந்துவிட்ட படத்தின் குறிப்பேட்டில் ஓர் எண்ணாகப் பதிவாகுமே தவிர, படத்தைத் தெளிவாக்காது. படிப்பதைப் பாதிக்கும் அமைப்புகள் கோப்பின் பெயருக்கு முன்னாலும், படத்தின்மீது செய்யும் செயல்கள் பின்னாலும் வர வேண்டும். விதி எளிமையானது, ஏரணத்துக்கும் உகந்தது. ஆனால் அது மீறப்படும்போது கருவி வாயே திறப்பதில்லை என்பது என் முதல் குறை. பிழைச்செய்தி இல்லாத பிழையைவிட நேரத்தை விழுங்குவது வேறொன்றுமில்லை.

அடுத்த தொல்லைக்கு இமேஜ்மேஜிக்கின்மீது முழுப் பழியும் போட முடியாது. குறிப்பிட்ட அளவைவிடப் பெரிய படங்களை மட்டும் சுருக்கு, சிறியவற்றைத் தொடாதே என்று சொல்வதற்கு, அகல உயர எண்களுக்குப் பின்னால் > என்ற குறியைச் சேர்க்க வேண்டும். மிகப் பயனுள்ள வசதி இது. ஆனால் லினக்ஸ், மேக் கணினிகளில் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்களிலும் விண்டோஸ் கட்டளைச் சாளரத்திலும் அதே குறிக்கு 'வெளியீட்டை இந்தக் கோப்பில் கொட்டு' என்று பொருள். மேற்கோள்குறிக்குள் வைக்காமல் எழுதினால், அந்தக் குறி கருவியின் கைக்கு வந்து சேர்வதே இல்லை. ஷெல் அதை இடையிலேயே எடுத்துக்கொண்டு, அடுத்து நிற்கும் பெயரில் 0 பைட் அளவுள்ள வெற்றுக் கோப்பை உருவாக்கிவிடுகிறது. அந்தப் பெயரில் முன்பே ஒரு நல்ல படம் இருந்திருந்தால் அதுவும் போயிற்று. விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் ^ குறிக்கும், கட்டளைகளைத் தொகுத்து வைக்கும் பேட்ச் கோப்புகளில் % குறிக்கும் இதேபோன்ற தனிப்பொருள் உண்டு. அளவைக் குறிக்கும் பகுதியை எப்போதும் மேற்கோள்குறிக்குள் எழுதுவது என்று பழகிக்கொண்டால் பெரும்பாலான இடங்களில் தப்பிக்கலாம். பேட்ச் கோப்பில் மட்டும் %-ஐ இரட்டிப்பாக எழுத வேண்டும்.

படம் இழக்க இன்னொரு வழி 'மோக்ரிஃபை' என்ற கட்டளை. இது ஒரு ஃபோல்டரில் உள்ள படங்கள் அனைத்தையும் ஒரே வரியில் மாற்றிவிடும். மூலப் படங்களின்மீதே எழுதியும்விடும், ஒரு வார்த்தை கேட்காது. 'பாத்' என்ற அமைப்பில் வேறொரு ஃபோல்டரின் பெயரைக் கொடுத்தால் மாற்றிய படங்கள் அங்கே போகும், மூலங்கள் பிழைக்கும். அதுவே இயல்பான நடத்தையாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனிப் பலரையும் திணறடிக்கும் பகுதிக்கு வருவோம். டெபியன், உபுண்டு என்னும் லினக்ஸ் வழங்கல்கள் ஓடும் கணினிகளில் பிடிஎஃப் கோப்பைத் தொட்டவுடன், பாதுகாப்புக் கொள்கை இதை அனுமதிக்கவில்லை என்ற செய்தியோடு வேலை நின்றுவிடுவது உண்டு. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 2016 மே மாதத்தில் 'இமேஜ்டிராஜிக்' என்று பெயர்பெற்ற ஓட்டை வெளிவந்தது: படம்போல வேடமிட்ட ஒரு கோப்பை இணையதளத்தில் பதிவேற்றியே அந்தச் சர்வரில் விரும்பிய கட்டளையை இயக்க முடியும் என்ற நிலை. 2018-இல், பிடிஎஃப் படிப்பதற்கு இமேஜ்மேஜிக் நம்பியிருக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்டிலும் கடுமையான ஓட்டைகள் தெரியவந்தன. அதன்பின் லினக்ஸ் வழங்கல்கள் பிடிஎஃப், போஸ்ட்ஸ்கிரிப்ட் வடிவங்களை எதை அனுமதிப்பது என்று வரையறுக்கும் 'பாலிசி' என்ற எக்ஸ்எம்எல் கோப்பிலேயே தடுத்துவிட்டன. அந்தக் கோப்பில் உள்ள தடை வரியை மாற்றினால் கதவு திறந்துவிடும் என்பது உண்மைதான். உங்கள் சொந்த ஸ்கேன் கோப்புகளை மட்டும் கையாளும் வீட்டுக் கணினியில் அதைச் செய்யலாம். யார் வேண்டுமானாலும் கோப்பு பதிவேற்றக்கூடிய சர்வரில் செய்யவே கூடாது. கதவைத் திறப்பதைவிட வேலைக்கேற்ற கருவிக்கு மாறுவது மேல் என்பேன். பிடிஎஃப் பக்கங்களைப் படமாக்கப் பாப்ளர் தொகுப்பின் பிடிஎஃப்டூபிபிஎம் போதும்; ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால், உள்ளே பொதிந்திருக்கும் படங்களை அப்படியே உருவித் தரும் பிடிஎஃப்இமேஜஸ் இன்னும் நல்லது. ஜேபெக் படங்களைச் சேர்த்துப் பிடிஎஃப் ஆக்க வேண்டுமானால், படத்தை மறுபடி அழுத்தித் தரம் குறைக்காத இமேஜ்டூபிடிஎஃப் இருக்கிறது.

அதே பாலிசி கோப்பில்தான் நினைவக வரம்புகளும் உள்ளன. டெபியன் வகைக் கணினிகளில் வழக்கமாக வரும் அளவுகள்: நினைவகம் 256 எம்பி, கோப்புவழி நினைவகம் (வட்டிலுள்ள கோப்பை நினைவகம்போலப் பயன்படுத்துவது) 512 எம்பி, வட்டு 1 ஜிபி, அகலமும் உயரமும் 16,000 பிக்சல். ஒரு ஏ3 பக்கத்தை 600 புள்ளிகளில் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 7,016-க்கு 9,921, அதாவது சுமார் 7 கோடி பிக்சல். 16 பிட் கட்டமைப்பில் உள்ள 6-ஆம் பதிப்பு ஒவ்வொரு பிக்சலுக்கும் 8 பைட் ஒதுக்குகிறது. ஆகப் படிப்பதற்கே சுமார் 55.7 கோடி பைட் தேவை. முதல் இரண்டு வரம்புகளிலும் அது அடங்காததால் வட்டுக்குப் போகிறது, வேலை ஆமை வேகத்துக்கு இறங்குகிறது. அதையே 90 பாகை திருப்பச் சொன்னால், அதே அளவில் இரண்டாவது நகல் ஒன்று தேவைப்பட்டு, வட்டு வரம்பும் தாண்டி, கேஷ் (படத்தைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்) வளங்கள் தீர்ந்துவிட்டன என்ற செய்தி வருகிறது. கணினியில் 16 ஜிபி ராம் சும்மா இருக்கும்போது இப்படி ஒரு செய்தியைப் பார்ப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்? எந்த வரம்பு, எந்தக் கோப்பில் விதிக்கப்பட்டது என்று அந்தச் செய்தி ஒரு சொல்லும் சொல்வதில்லை. கட்டளையிலேயே 'லிமிட்' கொடுத்து உயர்த்திவிடலாம் என்று நினைப்பதும் பயன்தராது. பாலிசி கோப்பு விதித்த உச்சத்தை அது மீறாது. 'லிஸ்ட்' கட்டளையோடு 'ரிசோர்ஸ்' என்று கேட்டால் நடப்பில் உள்ள வரம்புகளும், 'பாலிசி' என்று கேட்டால் தடைகளும், அவை எந்தக் கோப்பிலிருந்து வந்தன என்பதும் திரையில் வரும். சிக்கல் எதுவானாலும் முதலில் இயக்க வேண்டியவை இவ்விரண்டும்தான்.

இவற்றோடு ஒப்பிட்டால் படத்தின் தோற்றத்தில் வரும் கோளாறுகள் எளியவை. கைப்பேசிப் படங்கள் பக்கவாட்டில் படுத்துக்கொள்வதற்குக் காரணம், கேமரா படத்தோடு பதிந்து வைக்கும் எக்ஸிஃப் குறிப்புகளை 'ஸ்ட்ரிப்' கட்டளை நீக்கும்போது திசைக் குறிப்பும் சேர்ந்து போவது. அதற்கு முன் 'ஆட்டோ ஓரியன்ட்' சேர்த்தால் சரியாகும். ஒளிபுகும் பின்னணி கொண்ட பிஎன்ஜி படம் ஜேபெக் ஆகும்போது பின்னணி கறுத்துப்போனால், வெள்ளைப் பின்னணியைக் குறிப்பிட்டு 'ஃபிளாட்டன்' செய்ய வேண்டும். ஐஃபோனின் ஹெய்க் படங்களைத் திறக்க மறுத்தால், லிப்ஹெய்ஃப் என்ற துணை நிரல் நூலகம் இல்லாமல் கட்டப்பட்ட பதிப்பு உங்களிடம் இருக்கிறது என்று பொருள்.

தமிழ் வாசகர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று, படத்தின்மீது தமிழில் எழுதுவது. 'அனோட்டேட்' கட்டளையால் 'கொடி' என்று எழுதினால், ககரத்துக்கு இடப்பக்கம் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு வலப்பக்கம் போய்க் காலோடு ஒட்டிக்கொண்டு நிற்பதைக் காணலாம். எழுத்துருவைக் குறிப்பிடாவிட்டால் வெறும் கட்டங்கள்கூட வரக்கூடும். எழுத்துருவை மாற்றிப் பார்ப்பவர்கள் கட்டங்களை ஒழித்துவிடுவார்கள், கொம்பு மட்டும் இடம் மாறாது. எழுத்துகளைத் தமிழ் முறைப்படி அடுக்கும் வேலையை ராக்கம் என்ற துணை நூலகம் செய்கிறது. அது சேர்க்கப்படாத பதிப்பில், ஒவ்வொரு குறியும் தட்டச்சிட்ட வரிசையிலேயே கோக்கப்படுகிறது. 'வெர்ஷன்' கட்டளை தரும் விவரத்தின் துணை நூலகங்களைப் பட்டியலிடும் 'டெலிகேட்ஸ்' வரியில் ராக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை, ஆனால் எழுத்துகளை அடுக்கி வரையும் மற்றொரு நூலகமான பாங்கோகெய்ரோ இருக்கிறது என்றால், வாசகத்தைப் 'பாங்கோ' வழியாகத் தனிப் படமாக உருவாக்கி மூலப் படத்தின்மீது பொருத்தலாம். நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ் போன்ற எழுத்துருக்களில் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் வந்து நிற்கும். நீண்ட வாசகத்தைத் தனிக் கோப்பில் வைத்து @ குறியோடு கொடுக்கும் வசதி உண்டென்றாலும், டெபியன், உபுண்டு பாலிசி கோப்பு அதையும் தடுத்திருக்கிறது.

எந்தப் பதிப்பு என்ற கேள்விக்கு என் விடை 7. அதில் எல்லா வேலையும் 'மேஜிக்' என்ற ஒரே கட்டளையின் கீழ் வருகிறது. பழைய 'கன்வெர்ட்' என்ற பெயர், வட்டின் கோப்பு முறையை மாற்றுவதற்கு விண்டோஸ் வைத்திருக்கும் நிரலின் பெயரோடு மோதியதால் எழுந்த குழப்பமும் அத்தோடு தீர்ந்தது. ஆனால் உபுண்டு 24.04-இன் களஞ்சியத்தில் இருப்பது இன்னும் 6-தான் என்பதால், இணையத்தில் கிடைக்கும் புதிய கட்டளைகளை அதில் ஒட்டினால் 'மேஜிக்' என்ற கட்டளையே இல்லை என்று விடை வரும். அங்கே 'கன்வெர்ட்' என்று மாற்றி எழுதினால் பெரும்பாலானவை ஓடிவிடும். ஆயிரக்கணக்கான பெரிய படங்களுக்குச் சிறு உருவங்கள் மட்டும் தேவை என்போர், படம் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றாமல் பகுதி பகுதியாகக் கையாளும் லிப்விப்ஸ் நூலகத்தின் விப்ஸ்தம்ப்நெய்ல் கருவியை முதலில் சோதித்துப் பார்க்கலாம். வெட்டுதல், எழுதுதல், நிறம் திருத்துதல், ஒட்டுதல் எல்லாம் ஒரே கட்டளையில் அடுத்தடுத்து நடக்க வேண்டும் என்போருக்கு இமேஜ்மேஜிக்கையே பரிந்துரைப்பேன்.